களத்துத் தண்ணி

மதிவதனி தன் அம்மாவிடம் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹாஸ்டல் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று மூன்று வருஷம் சொன்னது ஒன்று. தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சுடிதார் ரொம்பப் பிடித்திருக்கிறது என்றது ஒன்று. அதெல்லாம் யாரையும் ஒன்றும் செய்யாத பொய்கள், சொன்ன வாயே மறந்துவிடும். அப்பா செத்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்ன பொய் அந்த ரகமில்லை. அது இப்போது அம்மாவின் உயிரைக் கேட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறது. ஏன் சொன்னாள் என்பதை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

அப்பா கருப்புசாமி முப்பது வருஷம் தேங்காய் லாரி ஓட்டியவர். பொள்ளாச்சிப் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு வந்து காங்கேயத்துக் களங்களில் இறக்குவார். அம்மா பழனியாத்தாள் அப்படியொரு களத்தில் தேங்காய் உடைக்கிறவள். காங்கேயத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் களம்தான். சிமெண்டுத் தரை முழுக்க உடைத்த தேங்காய் வெயிலைப் பார்த்துக் கிடக்கும், காய்ந்து பருப்பானதும் எண்ணெய் மில்லுக்குப் போகும். உடைக்கும்போது கொட்டுகிற தண்ணீரை யாரும் மதிப்பதில்லை. அது பாட்டுக்கு வாய்க்காலில் ஓடி வேலியோரம் தேங்கிப் புளித்து நாறும். வேலைக்கு வருகிற பெண்கள் தாகத்துக்கு ஒரு மடக்குக் குடிப்பார்கள், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கருப்புசாமிக்கு நெஞ்சு அடைத்து, கோயமுத்தூரில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கு முன்பே பத்து வருஷமாகச் சர்க்கரை. கிட்னி கொஞ்சம் களைத்துப் போயிருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். லாரி போனது, ஐந்து மாத்திரை வந்தது. மற்ற நாலையும் அவர் மதித்தார். கொழுப்பு மாத்திரை மேல்தான் அவருக்குத் தீராத கோபம்.

"எலும்பும் தோலுமா இருக்கறவனுக்கு எதுக்குங்க கொழுப்பு மாத்திரை?" என்று டாக்டரிடமே கேட்டார்.

"கொழுப்பெல்லாம் வாயில இருக்குதுங்க. அதுக்குத்தான் குடுத்திருக்காங்க" என்றாள் பழனியாத்தாள். டாக்டரே சிரித்துவிட்டார்.

மதிவதனிக்குப் பீளமேட்டில் வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் சீட்டைப் பார்த்து, நோய்க்குரிய எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டுகிற வேலை. மெடிக்கல் கோடிங் என்பார்கள். நெஞ்சு வலிக்கு ஒரு எண், நாய் கடித்தால் ஒரு எண், மாடிப்படியில் விழுந்தால் ஒரு எண். ஒரு நாளைக்கு நூறு நோயாளியாவது அவள் விரல் வழியாகப் போவார்கள். அதனால் அந்த வீட்டுக்கு அவள் அரை டாக்டர். அவளும் அதை மறுத்துப் பேசியதில்லை. எண் தெரிந்தால் நோய் தெரிந்த மாதிரி என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை இன்றைக்குப் பிடுங்கி எறிய முடிந்தால் எறிந்துவிடுவாள்.

அப்பா மாத்திரையை ஏமாற்றுவார் என்று தெரிந்து, தினமும் பொழுதோடு ஏழு மணிக்கு போன் செய்வாள்.

"கொழுப்பு மாத்திரை போட்டாச்சுங்களாப்பா?"

"போட்டாச்சு கண்ணு. உங்கொம்மா தொண்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாக்கறா."

டிசம்பரில் ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டிய மாதம். ஆபீசில் ஆடிட், லீவு கிடையாது. "அடுத்த மாசம் போலாங்கப்பா" என்றாள். அவருக்கு ஊசி என்றாலே ஆகாது, அதனால் சந்தோஷமாகச் சரி என்றார். அடுத்த மாதம் பொங்கல் வந்தது. அதற்கடுத்த மாதமும் ஏதோ ஒன்று வந்தது.

தை கடைசியில்தான் முதன்முதலாகச் சொன்னார். "காலு ரண்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்குது கண்ணு. கட்டல்ல இருந்து எந்திரிக்கோணும்னா சித்தெ ரோசனை பண்ணித்தான் எந்திரிக்கறேன். எல்லாம் உன்ற மாத்திரைதான்."

மதிவதனி அன்றைக்கு ஆபீஸ் கேண்டீனில் உட்கார்ந்து போனில் தேடினாள். கொழுப்பு மாத்திரை சிலருக்குத் தசை வலி தரும் என்று ஒரு இடத்தில் போட்டிருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் கால் துவளும் என்று வேறொரு இடத்தில் போட்டிருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று எவனும் எழுதவில்லை. மாத்திரையால் பொட்டாசியம் குறைந்துவிட்டது என்று அவளே முடிச்சுப் போட்டாள். டீ ஆறுவதற்குள் முடிச்சும் போட்டு, அம்மாவுக்கு போனும் போட்டுவிட்டாள்.

"மாத்திரைய மட்டும் நிறுத்தக் கூடாதும்மா. பொட்டாசியம் கொறஞ்சிருக்கும்போல. அது ஏறுனா செரியாயிரும்."

"அது எதுல கண்ணு இருக்குது?"

"வாழப்பழம், எளநி... அந்த மாதிரிதாம்மா."

சர்க்கரைக்காரருக்கு வாழைப்பழம் ஆகாது என்று பழனியாத்தாளுக்குத் தெரியும். இளநீர் தினமும் வாங்க முடியாது. ஆனால் களத்தில் தேங்காய்த் தண்ணீர் ஆறாக ஓடுகிறது. முப்பது வருஷமாகத் தன் காலடியில் ஓடி வீணான ஒன்று புருஷனுக்கு மருந்து என்று தெரிந்ததும் அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. மறுநாளே ஒரு கேனைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். வேலை முடிகிற நேரத்தில் கடைசியாக உடைக்கிற காய்களின் தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்து, துணியில் வடிகட்டி, புளிக்கும் முன்னால் வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவாள். பொழுதோடு ஒரு சொம்பு, விடியற்காலையில் ஒரு சொம்பு.

கருப்புசாமி குடித்து முடித்ததும் சொம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவார். "பாத்துக்க புள்ள, ஒரு சொட்டு இல்ல." அவள் சிரித்துக்கொண்டே சொம்பை வாங்கிக் கழுவி வைப்பாள். அந்த இரண்டு மாதமும் அவர்கள் இரண்டு பேரும் அப்படிச் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

கால் தேறவில்லை. இன்னும் துவண்டது. இன்னும் துவளுகிறதே என்று அவள் இன்னும் கொஞ்சம் கொடுத்தாள். மாசியில் வேளைக்கு ஒரு சொம்பு இரண்டு சொம்பானது. சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது என்றார். மாத்திரைச் சூடு என்று நினைத்து மத்தியானத்துக்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைத்துவிட்டுப் போனாள். மதிவதனிக்கு போனில் அம்மா சொன்னதெல்லாம், "நீ சொன்ன மாதிரியே பாத்துக்கறேன் கண்ணு" என்பது மட்டும்தான். என்ன பார்த்துக்கொள்கிறாள் என்று மதிவதனி கேட்கவில்லை.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பழனியாத்தாள் களத்துக்குக் கிளம்பிப் போன அரை மணி நேரத்தில் கருப்புசாமி குளியலறை வாசலில் விழுந்தார். பக்கத்து வீட்டார் ஆம்புலன்ஸை வரவழைத்தார்கள். மதிவதனி கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டியில் போய்ச் சேர்ந்தபோது அப்பா நெஞ்சு முழுக்க ஒயரோடு கிடந்தார். கண் திறந்திருந்தது.

"ஆடிட்டு முடிஞ்சுதா கண்ணு?" என்றார்.

அது எப்போதோ முடிந்துவிட்டது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அதற்குமேல் அவரைப் பேச விடவில்லை, உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

வார்டு டாக்டர் நந்திதாவுக்கு மதிவதனியைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினாள். பொட்டாசியம் ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், இங்கே எட்டைத் தாண்டியிருந்தது. பொட்டாசியம் ஏறுகிற நோய்க்கு ஈ எண்பத்தேழு புள்ளி ஐந்து என்று எண். அதை மதிவதனி ஆயிரம் தடவையாவது தட்டியிருப்பாள். தட்டி முடித்ததும் அடுத்த சீட்டுக்குப் போய்விடுவாள். அந்த ஐந்துக்குப் பின்னால் இப்படி ஒரு மனுஷன் ஒயரோடு கிடப்பான் என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றியதில்லை.

"ஏறியிருக்கா? கொறையலையா டாக்டர்?" என்று கேட்டாள். "கொழுப்பு மாத்திரையாலயா?"

"அதையும் பாக்கிறோம். பொதுவா அந்த மாத்திரை பொட்டாசியத்தை ஏத்துறதும் இல்லை, குறைக்கிறதும் இல்லை. ரொம்ப ரொம்ப அபூர்வமா யாருக்காவது தசையையே கரைச்சிடும். அப்ப தசைக்குள்ள இருக்கிற பொட்டாசியம் ரத்தத்துல கொட்டும், கிட்னியும் அடி வாங்கும். அதுக்கு ஒரு டெஸ்ட் அனுப்பியிருக்கேன். அதுவரைக்கும் அவர் என்ன சாப்பிடுறாரு, என்ன குடிக்கிறாருன்னு வீட்ல கேட்டுச் சொல்லுங்க. ஒண்ணு விடாம."

பழனியாத்தாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். களத்தில் இருந்தபடியே கிளம்பி வந்தவள். சேலைத் தலைப்பில் தேங்காய் நார் ஒட்டியிருந்தது. மடியில் ஒயர்க்கூடை, கூடைக்குள் கேன்.

"அப்பாவுக்கு என்னம்மா சாப்பிடக் குடுத்த?"

"ராகிக் களி, கீரை, ரவையளவு சோறு. புதுசா ஒண்ணுமில்ல கண்ணு."

"குடிக்கறதுக்கு?"

"களத்துத் தண்ணிதான். நீதான் பொட்டாசியம் வேணும்னு சொன்னயே. ஒரு நாள் தவறாமக் குடுத்துட்டு வாரேன்." கூடையை லேசாகத் தொட்டுக் காட்டினாள். "இன்னைக்கும் கெளம்பறப்பப் பிடிச்சுட்டுத்தான் வந்தேன். டாக்டரம்மாகிட்டக் கேட்டு ஒரு டம்ளர் குடுத்தா தெம்பா எந்திரிச்சுக்குவாரு."

எத்தனை சொம்பு, எத்தனை நாள் என்று மதிவதனி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அம்மா பெருமையோடு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தப் பெருமையைப் பார்த்துக்கொண்டு அவளால் நிற்க முடியவில்லை. "இப்பக் குடுக்கக் கூடாதும்மா" என்று கூடையை வாங்கிக்கொண்டு போய், கழுவும் தொட்டியில் கேனைக் கவிழ்த்தாள். வாசனை வராந்தா வரைக்கும் வந்தது.

மறுநாள் காலை முடிவு வந்தது. தசை கரையவில்லை. நந்திதா அவளைத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள். அவர் சாப்பிடுகிற பி.பி. மாத்திரை பொட்டாசியத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். கிட்னி நல்லபடி இருந்தால் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். இவர் கிட்னி தள்ளக் கூடியதாக இல்லை. அதற்கு மேல் தினமும் லிட்டர் கணக்கில் தேங்காய்த் தண்ணீர்.

"மத்தவங்களுக்கு அது நல்லதுதான். இவருக்கு ஆகலை. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை" என்றாள். "கொழுப்பு மாத்திரை மேல தப்பே இல்லை. அவர் ஸ்டென்டை இத்தனை நாள் காப்பாத்தினதுல அதுக்கும் பங்கு இருக்கு."

இரண்டு தடவை டயாலிசிஸ் செய்தார்கள். எண் இறங்கியது, ஆனால் அவர் இதயம் ஏற்கெனவே அடிபட்டது. புதன்கிழமை மத்தியானம் ஒன்றே காலுக்கு நின்றுவிட்டது. அரை மணி நேரம் அழுத்திப் பார்த்தார்கள். நந்திதா வெளியே வந்து மதிவதனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பழனியாத்தாள் கத்தவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே மகளைப் பார்த்துக் கேட்டாள்.

"எதுனால கண்ணு? டாக்டரம்மா என்ன சொல்லுச்சு?"

அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? நீ ஊற்றிக் கொடுத்ததுதான் என்று சொல்வதா? நான் கேண்டீனில் உட்கார்ந்து உளறியதுதான் என்று சொல்வதா?

"அந்தக் கொழுப்பு மாத்திரைதாம்மா. அப்பாவுக்கு ஒத்துக்கல."

அம்மாவைக் காப்பாற்றத்தான் சொன்னாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் சொன்னாள். இதில் எது பாதி, எது முழுசு என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

பழனியாத்தாள் அவளையே பார்த்தாள். "அவரு வேண்டாம் வேண்டாம்னு சொன்னாரு. நீதான் விடல" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளாக ஒரு தடவைகூட மகளுக்கு போன் செய்யவில்லை. காரியத்துக்கு வந்த உறவுக்கெல்லாம், "மாத்திரைதான் கொன்னுபோட்டுது" என்று சொன்னாள். மகள் பெயரைச் சொல்லவில்லை. மதிவதனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறிக் காங்கேயம் வந்தாள். அம்மா சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், கண்ணு என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். போகட்டும், தான் சுமக்கலாம், தனக்கு வயசு இருக்கிறது, அம்மாவால் முடியாது என்று மதிவதனி தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

புரட்டாசியில் அம்மாவோடு களத்தில் வேலை செய்யும் தாஜுன்னிசாவிடமிருந்து போன் வந்தது.

"மதி, பயந்துக்காத. உங்கம்மா காய் உடைச்சுட்டே நெஞ்சப் பிடிச்சுட்டு உக்காந்துட்டாங்க. இப்பப் பரவால்ல. கூட்டிட்டுப் போயிக் காட்டுனோம். ஒரு ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்குதாமா, கொழுப்பு நொம்ப ஏறியிருக்குதாமா. மாத்திரை குடுத்திருக்காங்க."

"சாப்பிடறாங்களாக்கா?"

"மத்தது சாப்பிடறாங்க. கொழுப்பு மாத்திரைய மட்டும் தொட மாட்டீங்கறாங்க. அவரக் கொன்னதத் தின்னு நான் உசுரோட இருக்கோணுமான்னு கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்றது? உங்கப்பா மவுத்தானதுல இருந்து எனக்கும் அந்த மாத்திரைன்னா பயந்தான். நானும் நிறுத்திப்போட்டேன்."

மதிவதனி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு ஆளிடம் சொன்ன பொய். அது களம் முழுக்கச் சுற்றி, மாத்திரை மாத்திரையாகக் குப்பையில் விழுந்துகொண்டிருக்கிறது. சும்மா இருந்தால் அம்மா போய்விடுவாள். உண்மையைச் சொன்னால் அம்மா உயிரோடு இருப்பாள், ஆனால் எப்படி இருப்பாள்?

மறுநாள் வியாழக்கிழமை. லீவு சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸைப் பிடித்தாள். பல்லடம் தாண்டும் வரைக்கும் வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தாள். வேறு கம்பெனி மாத்திரை என்று சொல்லலாமா, பெயரை மாற்றிச் சொல்லி சத்து மாத்திரை என்று கொடுக்கலாமா? காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. போதும் என்று நினைத்தாள்.

அம்மா வீட்டில்தான் இருந்தாள். ஒரு வாரம் களத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும், "வேலை நாள்ல என்ன?" என்றாள். ஜன்னல் கட்டையில் மாத்திரை அட்டைகள் இருந்தன. கொழுப்பு மாத்திரை அட்டையில் ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை.

மதிவதனி அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பா அந்த மாத்திரையால சாகல."

பழனியாத்தாளின் கை கீரையிலேயே நின்றது.

"நான் பொய் சொன்னேன். ரத்தத்துல பொட்டாசியம் ஏறித்தான் போனாரு. அவரு கிட்னியால அத வெளிய தள்ள முடியல. நான் கொறஞ்சிருக்குதுன்னு தப்பாச் சொல்லிட்டேன். டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், அதையும் நாந்தான் தள்ளிப் போட்டேன். தப்பு எனுதும்மா."

"பொட்டாசியம்ங்கறது..." பழனியாத்தாள் மெல்லக் கேட்டாள். "தேங்காத் தண்ணியில இருக்குதுன்னயே, அதா?"

"ஆமாம்மா."

ஒரு தடவைதான் கேட்டாள், ஒரு தடவைதான் பதில் வந்தது. அதற்குப் பிறகு விளக்க எதுவும் இல்லை. வெளியே யாரோ மொபெட்டை உதைத்துக் கிளப்பிப் போனார்கள். பழனியாத்தாள் மடியிலிருந்த கீரையை முறத்தில் தட்டிவிட்டு, உருவாத காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தாள். நிதானமாகத்தான் செய்தாள். மதிவதனி அந்தக் கைகளையே பார்த்தாள். அழுதால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"விழுந்த அன்னைக்கு வெடியால அவரு வேண்டாம்னாரு" என்றாள் பழனியாத்தாள். யாரிடமோ சொல்வது மாதிரி இருந்தது. "நாக்கு ஒரு மாதிரி இருக்குது புள்ள, இன்னைக்கு ஒரு நாள் விட்டுறுன்னாரு. நான் விடல. நீங்க குடிச்சாத்தான் நான் வேலைக்குப் போவேன்னு வாசல்ல நின்னேன். நேரமாச்சேன்னு எனக்காவண்டித்தான் குடிச்சாரு. ரண்டு சொம்பும். குடிச்சுட்டுக் கவுத்துக் காட்டுனாரு."

மதிவதனிக்கு இது தெரியாது. ஆறு மாதமாக அம்மா இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியாக அதில் ஒன்றுமில்லை என்று நினைத்திருப்பாள். புருஷனைப் பார்த்துக்கொண்ட கடைசிக் காலை என்று அதை இவ்வளவு நாள் பத்திரமாக வைத்திருந்தாள். இப்போது மகள் வந்து அதையும் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, நீ தெரிஞ்சு செய்யல. யாருக்குமே..."

"சித்தெ இரு."

பழனியாத்தாள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த கருப்புசாமி படத்தின் முன்னால் போய் நின்றாள். கும்பிடவில்லை. படத்தை நேராகப் பார்க்கவும் இல்லை, அதன் கீழே சுவரைப் பார்த்தாள். தோள் மட்டும் ஒரு தடவை குலுங்கியது. திரும்பி வந்தபோது முகம் காய்ந்துதான் இருந்தது.

"தாஜுவும் மாத்திரைய நிறுத்திப்போட்டா. தெரியுமா?"

"சொன்னாங்க."

"களத்துக்கு நானே போயிச் சொல்லிக்கறேன். தண்ணிதான், மாத்திரை இல்லைன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லோணும். நாந்தான் குடுத்தேன்னு சொன்னாத்தான் நம்புவாங்க."

"நீ சொல்ல வேண்டாம்மா, நான் சொல்லிக்கறேன்."

"உனக்குச் சொல்லத் தெரியாது கண்ணு."

ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டதும் மதிவதனி உடைந்துபோனாள். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பழனியாத்தாள் அவள் தலையில் கை வைக்கவில்லை. சமையல் கட்டுக்குள் போய்ச் சொம்பில் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜன்னல் கட்டையிலிருந்து அட்டையை எடுத்து மகளிடம் நீட்டினாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு மாத்திரையைப் பிதுக்கி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

பழனியாத்தாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயில் போட்டு, சொம்பைத் தூக்கி, மாத்திரைக்கு ஒரு மடக்குத் தண்ணீர் போதும் என்றாலும் மூச்சு விடாமல் முழுவதையும் குடித்தாள். கழுத்து வழியாக வழிந்ததைத் துடைக்கவில்லை. குடித்து முடித்து, மகளுக்கு முன்னால் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள்.

ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை.